ஆயில் லைட் அணைவதற்கு முன்

ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, இன்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினை மாற்றுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஐடிஐயில் படித்திருப்பீர்கள், போனில் வீடியோவும் பார்த்திருப்பீர்கள். குறி பார்த்துச் செயினைப் பூட்டுவதும் கவரை மூடுவதும் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அதற்குப் பிறகு வரும் கொஞ்ச நேரத்தைப் பற்றி. எல்லாம் பூட்டியாகிவிட்டது, ஆயில் ஊற்றியாகிவிட்டது, வண்டிக்காரர் வந்து நிற்கிறார், சாவி வண்டியிலேயே தொங்குகிறது. அந்த நேரத்தைப் பற்றி.

கிணற்று மோட்டாரில் தண்ணீர் இறங்கிவிட்டால் என்ன செய்வோம்? குடத்தில் மொண்டு ஊற்றி, பைப் நிறைந்த பிறகுதான் சுவிட்சைத் தட்டுவோம். சும்மா தட்டினால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. முன்கவரைக் கழற்றிய இன்ஜினும் அப்படித்தான். ஆயில் பம்பு காய்ந்து கிடக்கும். கீழே தொட்டி நிறைய ஆயில் இருந்தாலும் மேலே ஏறாது. அதனால்தான் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓடாதபடி சென்சாரின் வயர் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு, சாவியைத் திருப்பி விட்டு விட்டு வெறுமனே சுற்றவிடுகிறோம். ஆயில் மேலே ஏறியதும் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு லைட் அணையும். அதற்குப் பிறகுதான் ஸ்டார்ட். பூட்டின செயினை இழுத்துப் பிடிப்பதும் ஆயில்தான், பேரிங்கைக் காப்பதும் ஆயில்தான்.

இவ்வளவுதான் தொழில். மீதியெல்லாம் மனிதர்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு நடந்தது இது. சங்கராபுரம் ரோட்டில் ஒரு ஷெட்டில் நான் ஃபோர்மேன். இன்ஜின் வேலைக்கு ஏழுமலை. என்னைவிட இளையவன். காலையில் தேய்த்த சட்டையோடு வருவான், கழற்றி ஹேங்கரில் மாட்டிவிட்டுத்தான் காக்கியைப் போடுவான். நடுவில் இரண்டு தடவை கண்ணாடி பார்த்துத் தலை சீவுவான். சரியான கோபக்காரன். வேலை நடக்கும்போது யாராவது சீக்கிரம் என்றால் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். பத்து நிமிடம் கழித்து அவனாகவே வருவான். அதற்குள் யாரும் அந்த வண்டியைத் தொடக் கூடாது. தொட்டால் அன்றைக்கு ஷெட்டில் சண்டைதான். ஆனால் அவன் பிரித்துப் பூட்டின இன்ஜின் திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலாளி ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்திலிருந்து வந்தவர் என்பதால் அவர் கையில் கிரீஸ் பட்டதில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நின்று நின்று எது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

வேதாசலம் என்று ஒருவர். நைனார்பாளையம் பக்கத்தில் நிறைய நிலம் வைத்திருந்தவர். ஷெட்டில் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். மோசமான மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஊரில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். அந்தப் பெரிய டீசல் வண்டிதான் செயின் மாற்ற வந்தது. சேலத்திலிருந்து வர வேண்டிய செயின் தாமதமாக வந்தது. அதனால் வேலை முடிந்த அன்றைக்கே அவர் வண்டியை எடுக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பார்த்து அவர் மகளுக்கு நிச்சயம் செய்யவிருந்த மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போய் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் ஒரு காரில் பின்னால் வர, இவர் தன் வண்டியில் குடும்பத்தோடு முன்னால் போக வேண்டும். வாடகைக் காரில் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

காலை டிபன் முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு கார் ரோட்டோரத்தில் வெயிலில் நின்றது. உள்ளே ஏழுமலை இன்ஜினைச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். லைட் அணையவில்லை. கொஞ்சம் ஓய்வு கொடுத்து மறுபடி சுற்றினான். அணையவில்லை.

"இன்னாய்யா, பூட்டியாச்சின்னு போன்ல சொன்னீங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க வெயில்ல குந்திக்கினு கீறாங்க" என்றார் வேதாசலம்.

"பூட்டியாச்சிங்க. ஆயில் மேல ஏறல. கொஞ்சம் பொறுங்க" என்றான் ஏழுமலை. வழக்கமாக அவன் அப்படிப் பணிவாகப் பேசுகிறவன் இல்லை. அப்போதே எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது.

நான் பக்கத்தில் போய், "ஐயா, உங்க கெணத்து மோட்டார்ல தண்ணி எறங்கிட்டா சும்மா சுத்துமில்ல, அதே கததாங்க. ஃபில்டரைக் கழட்டி உள்ள ஆயில் வுட்டுப் பாக்கறோம். ஏறிடும்" என்றேன்.

"எம் மோட்டாரை நான் பாத்துக்கறேன். நீ வண்டியக் குடு."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். "ஏழுமல, கனெக்டரை மாட்டு. ஸ்டார்ட் ஆனா ஆயில் தானா ஏறும்."

"சில வண்டில ஏறும். சில வண்டில ஏறாது. இது எந்த வண்டின்னு ஸ்டார்ட் பண்ணிட்டா பாக்கறது? மாட்ட முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, ஆயில் பீச்சுகிற கன் எடுக்க ஸ்டோருக்குப் போனான். நான் ரோட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரை முன்னால் கச்சிராயபாளையம் வரை போய் டீ குடித்துக்கொண்டிருக்கச் சொல்லலாம், இங்கே நெருக்கடி குறையும் என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா முன்சீட்டில் இருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஒன்னும் அவசரமில்லீங்க, நீங்க பொறுமையா பாருங்க. நாங்க இங்கியே இருக்கோம்" என்றார். அவருக்கு அவசரமே இல்லை. அதை உள்ளே போய்ச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

ஓடினேன். முதலாளியின் கை இன்னும் பானெட்டுக்குள்தான் இருந்தது. கனெக்டர் மாட்டியிருந்தது. ஸ்டீயரிங்கில் வேதாசலம், பின்சீட்டில் அவர் குடும்பம். காய்ந்த செயின் கவரில் உரசுகிற சத்தம், அதற்கும் கீழே இரும்பில் இரும்பு தட்டுகிற சத்தம். சத்தம் போகட்டும் என்று அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மிதிக்கக் கூடாத நேரத்தில் மிதித்தார்.

"ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!" என்று கத்திக்கொண்டே ஏழுமலை ஸ்டோரிலிருந்து ஓடி வந்தான்.

அப்போதுதான் லைட் அணைந்தது. செயின் சத்தமும் அடங்கியது. வேதாசலம் சிரித்தார். "பாத்தியா? அணஞ்சிடுச்சி. இதுக்குத்தான் இவ்ளோ நேரம் நிக்க வெச்சீங்களா?" முதலாளியும் சிரித்தார்.

ஏழுமலை சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் கேட்டது. மெல்லிய சத்தம், அடியிலிருந்து, விடாமல். அவன் போய் வண்டிக்கு முன்னால் நின்று பானெட்டின் மேல் இரண்டு கையையும் வைத்தான்.

"ஐயா, எடுக்காதீங்க. கீழ தட்டுது. பேரிங் தேஞ்சி போயிருக்கும். லைட்டு அணஞ்சாலும் பட்ட அடி பட்டதுதான். மல ஏறாதுங்க. இன்னிக்கி ஒரு நாள் வாடகைக் கார்ல போங்க."

"நகருப்பா."

"உள்ள புள்ளைங்க கீறாங்க ஐயா."

முதலாளி அவன் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக நிறுத்தினார். நான் வண்டி ஜன்னலில் குனிந்து, "அவன் சொல்றது சரிங்க. எனக்கும் கேக்குது" என்றேன். கண்ணாடி மேலே ஏறியது. வண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டு கார் பின்னாலேயே போனது.

தம்பிகளே, நாங்கள் இரண்டு பேரும் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். சரியான வார்த்தையில், சரியான நேரத்தில் சொன்னோம். அதனால் ஒன்றும் ஆகவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இது நடக்கும்.

மத்தியானம் போன் வந்தது. கோமுகி அணையைத் தாண்டி, மலை ஏற்றத்தில் ஒரு வளைவில் இன்ஜின் இறுகிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டீயரிங் திரும்பாது என்பது உங்களுக்குத் தெரியும். வேதாசலத்துக்குத் தெரியாது. வண்டி பின்னால் உருண்டு, மாப்பிள்ளை வீட்டு கார் மேல் மோதி, அதையும் தள்ளிக்கொண்டு போய் ஓரத்துச் சுவரில் நின்றிருக்கிறது. சுவர் இருந்ததால் பிழைத்தார்கள்.

நானும் ஏழுமலையும் இழுவை வண்டியில் போனோம். வெள்ளிமலை பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி இரண்டு வண்டியையும் ஓரம் தள்ளி வைத்திருந்தார்கள். பெண்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு குடும்பமும் தனித்தனியாக உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். அவசரமே இல்லை என்று என்னிடம் சொன்ன மாப்பிள்ளையின் அப்பாவைத் தோள்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போயிருந்தார்கள். முன்சீட்டில் அவருடைய மூக்குக் கண்ணாடி கிடந்தது. அந்தக் கல்யாணம் நடக்காது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வேதாசலம் தன் வண்டிப் பக்கத்திலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும், "ஆயில் ஊத்த மறந்துட்டியாடா?" என்று ஏழுமலையிடம் கத்தினார்.

ஏழுமலை டிப்ஸ்டிக்கை உருவினான். துடைத்தான். மறுபடி விட்டு உருவி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினான். ஆயில் மேல்கோடு வரை இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஷெட்டில் பேச்சுவார்த்தை. வேதாசலம் நாலைந்து பேரோடு வந்திருந்தார். முதலாளி நாற்காலிகள் போட்டு, ஜூஸ் வரவழைத்து, "மெக்கானிக் பண்ண தப்புங்க. ஆயில் ஏறாம வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டான். வுடமாட்டேன்" என்று ஆரம்பித்தார்.

நான் இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்றேன். "கனெக்டரை மாட்டினது ஏழுமல இல்ல. நீங்க மாட்டினீங்க. உங்க கை பானெட்டுக்குள்ள இருந்ததை நான் கண்ணால பாத்தேன். அவன் முடியாதுன்னு சொல்லிட்டு ஸ்டோருக்குப் போயிருந்தான். ஐயாதான் சாவியைத் திருப்பினாரு. வண்டி முன்னால நின்னு மறிச்சவனை நீங்கதான் புடிச்சி இழுத்தீங்க" என்றேன்.

முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. வேதாசலத்தோடு வந்திருந்த ஒரு பெரியவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. இன்னா நடந்துது?"

ஏழுமலை அன்றைக்குக் காக்கிக்கு மாறவில்லை, தேய்த்த சட்டையிலேயே இருந்தான். ஸ்பேனரை வீசிவிட்டுப் போகிற அந்தக் கோபத்தை எதிர்பார்த்து நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"ஃபோர்மேன் அண்ணன் எம்மேல கீற பாசத்துல சொல்றாரு. கனெக்டரை மாட்டினது நான்தாங்க. ஸ்டார்ட் பண்ணலாம்னு ஐயாகிட்ட சொன்னதும் நான்தான். எந் தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றான். குனிந்து வேதாசலத்தின் காலைத் தொடப் போனான். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"அப்ப இவுரு சொன்னதெல்லாம்?" என்று பெரியவர் என்னைக் காட்டினார்.

"இவுரு அப்ப ரோட்டுல இருந்தாருங்க. உள்ள நடந்தது தெரியாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் என்னைப் பொய்யன் என்று நாலு பேர் நம்பிய இடம் அது ஒன்றுதான். அதுவும் நான் உண்மை சொன்ன இடத்தில்.

வந்தவர்கள் போன பிறகு, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி அருகே அவனைப் பிடித்தேன். "ஏண்டா இப்டி பண்ண?"

"எந் தம்பி அவுரு நெலத்துலதாண்ணா குத்தகைக்கு மரவள்ளி போட்டிருக்கான்."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தும் அவன் தம்பி யார் நிலத்தில் பயிர் வைக்கிறான் என்று நான் கேட்டதில்லை.

"காலைல ஆள் அனுப்பிட்டாரு" என்றான். "எந் தப்புன்னு ஒத்துக்கலன்னா தம்பி நெலத்துல கால் வெக்கக் கூடாதாம். குச்சி நட்டு இப்பதான் துளிர் வுட்டுக்கினு வருது. அவன் பொண்டாட்டி நகையெல்லாம் அதுலதான் கீது."

"என்னைப் பொய்யன் ஆக்கிட்டியே."

"உங்களுக்கு ஒன்னும் ஆவாதுண்ணா. நீங்க எங்க போனாலும் கூப்ட்டு வேல குடுப்பாங்க." தொட்டியில் கையை விட்டு முகத்தைக் கழுவிக்கொண்டான். "நீங்க எழுந்து பேசுவீங்கன்னு நான் நெனைக்கல. முன்னாலயே சொல்லியிருந்தா நான் வேணான்னு சொல்லியிருப்பேன்."

அன்றைக்கே அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வார முடிவில் நானும் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினேன். முதலாளி தடுக்கவில்லை. அவர் கை பானெட்டுக்குள் இருந்ததைப் பார்த்த ஒரே ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்குத்தான் பிடிக்கும்?

ஏழுமலை சொன்னது போலவே, சங்கராபுரத்தில் எனக்கு உடனே வேலை கிடைத்தது. சேர்ந்த கையோடு அந்த ஷெட்காரரிடம் ஏழுமலையைப் பற்றிச் சொன்னேன். இன்ஜின் வேலைக்கு அவனைப் போல ஆள் கிடைக்காது என்றேன்.

"யாரு, மலைல வண்டி உருண்ட கேஸா?" என்றார் அவர்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அவரே நாலு பேர் முன்னால ஒத்துக்கினாராமே சார். நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

அதற்குப் பிறகு கள்ளக்குறிச்சியிலும் சின்னசேலத்திலும் நானே மூன்று ஷெட்டில் கேட்டேன். எல்லா இடத்திலும் அதே பதில்தான். அவன் ஒத்துக்கொண்ட அந்த வார்த்தை அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. இப்போது சின்னசேலம் பக்கத்தில் ஒரு டயர் கடையில் பஞ்சர் பார்க்கிறான். இன்ஜினில் கை வைப்பதில்லை. யாரும் வைக்க விடுவதில்லை.

மரவள்ளியை எடுக்கிற வரை வேதாசலம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். வெள்ளாமை முடிந்ததும் நிலத்தை விற்றுவிட்டார். இப்போது அங்கே மனைக்கல் நட்டிருக்கிறது. ஏழுமலை தன் பெயரைக் கொடுத்து வாங்கியது ஒரே ஒரு வெள்ளாமை.

இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று கேட்பீர்கள். இரண்டு விஷயம் சொல்ல முடியும். கனெக்டரைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டு வண்டியை விட்டு நகராதீர்கள். அதோடு இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி அதற்கான ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். லைட் அணையும் வரை அது உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். முதலாளி கேட்டாலும் கொடுக்காதீர்கள். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். நான் அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை அப்படித்தான் செய்தேன்.

இன்னொன்று, ஒருவனுக்காக நாலு பேர் முன்னால் எழுந்து பேசுவதற்கு முன், அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நான் பேசலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவனுக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

இது போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன ஆவணியில் நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஏழுமலையின் சொந்தக்காரப் பெண். அங்கேதான் அவன் தம்பி சேகரை முதன்முதலில் பார்த்தேன். ஏழுமலையோடு வேலை பார்த்தவன் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"எங்கண்ணன் மட்டும் அன்னிக்கி கவனமா வேல பாத்திருந்தா ஐயா எங்க குத்தகை நெலத்தை வித்திருக்க மாட்டாருங்க. எங்க குடும்பத்து மேலயே ஐயாவுக்கு வெறுப்பு வந்துடுச்சி. இப்ப நான் கூலிக்குப் போய்க்கினு கீறேன்."

எனக்குத் தாங்கவில்லை. அவரை ஓரமாக அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கனெக்டர், சாவி, காலையில் வந்த ஆள், மரவள்ளி, எல்லாம். அவர் தலையைக் குனிந்து கேட்டார். முடித்ததும் அவர் தோளில் இருந்த என் கையை மரியாதையாக எடுத்துவிட்டார்.

"நீங்க அண்ணனுக்கு வேண்டியவரு, அதான் சொல்றீங்க. அவரே வூட்ல வந்து எந் தப்புடான்னு சொன்னாருங்க. அவரு பொய் சொல்ல மாட்டாரு."

நேராக ஏழுமலையிடம் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்தான். நரை நிறைய வந்திருந்தது. சட்டை மட்டும் இன்னும் தேய்த்திருந்தது.

"உன் தம்பிகிட்டயாவது சொல்லக் கூடாதாடா?"

"சொல்லி இன்னா ஆவப் போவுதுண்ணா? நெலம் வருமா? இப்ப எம்மேல கோவமா கீறான். சொன்னா அவன்மேலயே கோவப்படுவான். எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்." எழுந்து வேட்டியைத் தட்டினான். "வாங்க, பந்தி போட்டுட்டாங்க."

பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலையில் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். சாம்பார் வாளியோடு சேகர் வந்தார். எனக்கு நிறைய ஊற்றி, போதுமா என்று கேட்டார். பிறகு ஏழுமலையின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போய்விட்டார். ஏழுமலை அவரைக் கூப்பிடவில்லை. வெறும் சோற்றின் மேல் கையை வைத்தபடி, பின்னால் வருகிற ரசத்துக்குக் காத்திருந்தான்.